கவுன்சிலிடம் அவசரக் காசு கேட்பது எப்படி: இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு

முன்கூட்டிக் காசு போடும் கரண்ட் மீட்டரில் எமர்ஜென்சி கிரெடிட்டும் முடியப்போகிறது, அடுத்த சம்பளத்துக்கோ யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்கோ இன்னும் பத்து நாள் கிடக்கிறது. இப்படி ஒரு நிலை வந்தால் நம் ஆட்கள் முதலில் நகையை அடகு வைப்பார்கள், பிறகு தெரிந்தவர்களிடம் கைமாற்று, பிறகு வட்டிக்கு, அதுவும் போதாவிட்டால் கிரெடிட் கார்ட். கவுன்சிலிடமும் கேட்கலாம் என்ற யோசனை வருவதற்குள் கடன் கழுத்தளவு வந்திருக்கும். அந்த வரிசையை மாற்றுங்கள். கவுன்சில் கொடுக்கும் அவசர உதவி பெரும்பாலும் மானியம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதை வாங்கினால் யூனிவர்சல் கிரெடிட்டில் வெட்டுவார்களோ என்ற பயமும் வேண்டாம், வெட்டமாட்டார்கள்.

கொஞ்சம் பின்னணி தெரிந்தால் குழப்பம் குறையும். முன்பு இந்த உதவியை மத்திய அரசே சோஷல் ஃபண்ட் என்ற பெயரில் கொடுத்து வந்தது. 2013 ஏப்ரலில் அதிலிருந்த கிரைசிஸ் லோன் என்ற அவசரக் கடனையும் கம்யூனிட்டி கேர் கிராண்ட் என்ற மானியத்தையும் நிறுத்திவிட்டுப் பொறுப்பைக் கவுன்சில்களிடம் தள்ளினார்கள். இப்படி ஒரு திட்டத்தை நடத்தியே ஆகவேண்டும் என்று இங்கிலாந்துக் கவுன்சில்களை அப்போது சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் சில இடங்களில் நன்றாக நடந்தது, சில இடங்களில் மூடியே விட்டார்கள். பிறகு 2021 அக்டோபரில் ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் வந்தது. ஒரு குளிர்காலத்துக்கு என்று தொடங்கியதை நீட்டி நீட்டி 2026 மார்ச் வரைக்கும் கொண்டுவந்தார்கள். 2026 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் இருப்பது கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட். வாடகைக்குத் தனியாகக் கொடுத்து வந்த டிஸ்கிரீஷனரி ஹவுசிங் பேமென்ட்டையும் இங்கிலாந்தில் இதற்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னாலோ, பழைய பக்கம் ஒன்றில் அப்படி எழுதியிருந்தாலோ, உதவியே நின்றுவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

எந்தக் கவுன்சில், என்ன பெயர்

லண்டனில் இருந்தால் சிக்கல் இல்லை, உங்கள் பரோ கவுன்சில்தான் எல்லாவற்றுக்கும். லண்டனுக்கு வெளியே சில இடங்களில் இரண்டு அடுக்கு உண்டு: கவுண்டி கவுன்சில் ஒன்று, அதற்குக் கீழே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் ஒன்று. கவுன்சில் டாக்ஸும் வீட்டு விஷயமும் டிஸ்ட்ரிக்டிடம், அவசர உதவி நிதி போவது பெரும்பாலும் கவுண்டிக்கு. ஒன்றில் இல்லை என்றால் மற்றதிலும் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டே இருப்பீர்கள். அரசின் இணையதளத்தில் போஸ்ட்கோட் போட்டால் எது உங்கள் கவுன்சில் என்று காட்டும்.

பெயர்தான் அடுத்த தலைவலி. ஒவ்வொரு கவுன்சிலும் தன் திட்டத்துக்குத் தனக்குப் பிடித்த பெயரை வைத்திருக்கும். லோக்கல் வெல்ஃபேர் அசிஸ்டன்ஸ், ரெசிடென்ட் சப்போர்ட், ஹார்ட்ஷிப் ஃபண்ட், எமர்ஜென்சி சப்போர்ட் என்று பலவிதம். கவுன்சில் தளத்தில் தேடும்போது 'காஸ்ட் ஆஃப் லிவிங்', 'கிரைசிஸ்', 'ஹார்ட்ஷிப்' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் போனில், 'சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் காசு இல்லை, அவசர உதவிக்கு எங்கே விண்ணப்பிப்பது' என்று நேராகக் கேளுங்கள். திட்டத்தின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என்ன கிடைக்கும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சூப்பர்மார்க்கெட் வவுச்சர், ப்ரீபேமென்ட் மீட்டருக்கான டொப்-அப் வவுச்சர், போஸ்ட் ஆபீஸில் காட்டிக் காசாக மாற்றும் கோட், வங்கிக்கே நேரடியாகக் காசு, சில நேரம் குக்கர், பிரிட்ஜ், கட்டில் மாதிரிப் பொருட்கள். வவுச்சர் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸிலோ ஈமெயிலிலோ வரும், அதற்குக் காலாவதித் திகதியும் இருக்கும். விண்ணப்பத்தில் மகனுடைய நம்பரைக் கொடுத்துவிட்டு அவன் அதைப் பார்க்காமல் விட்டால் வவுச்சர் வீணாகிவிடும். உங்கள் நம்பரையே கொடுங்கள்.

வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது என்பது நம்மிடையே நன்றாக ஊறிப்போன நம்பிக்கை. அது பிழை. பல கவுன்சில்கள் பெனிபிட் எடுக்கிறவர்களா என்று மட்டும் பார்ப்பதில்லை, வருமானம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, இப்போது என்ன நெருக்கடி என்று பார்க்கிறார்கள். கடையிலோ வேர்ஹவுஸிலோ மணித்தியாலத்தைக் குறைத்ததால் திணறுகிற குடும்பமும் கேட்கலாம், பென்ஷனில் இருக்கும் அம்மா அப்பாவும் கேட்கலாம்.

விண்ணப்பத்தில் எழுதுவது

இதுதான் முக்கியமான இடம். இந்த உதவி உங்களுக்குக் கட்டாயம் கிடைத்தாக வேண்டிய ஒன்றல்ல. கவுன்சில் அதிகாரி படித்துப் பார்த்துத் தீர்மானிப்பது. அவர் உங்களை நேரில் பார்க்கமாட்டார், உங்கள் வீட்டுக்கும் வரமாட்டார். அவருக்குத் தெரிவதெல்லாம் நீங்கள் அந்தப் பெட்டிக்குள் எழுதியதும் இணைத்த பேப்பர்களும்தான். ஆனால் நம் ஆட்கள் எழுதுவதைப் பார்த்தால், 'மிகவும் கஷ்டமாக இருக்கிறது, தயவுசெய்து உதவுங்கள்' என்று ஒரு வரி. மானம் தடுக்கிறது, எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வரியை வைத்து அவரால் எதையும் தீர்மானிக்க முடியாது.

கஷ்டத்தைத் திகதியாலும் தொகையாலும் சொல்லுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, கையில் இப்போது எவ்வளவு, அடுத்த காசு எப்போது வரும், வீட்டில் யார் யார், அவர்களில் யாருக்கு நோய், உதவி கிடைக்காவிட்டால் என்ன ஆகும், என்ன வேண்டும். உதாரணத்துக்கு இப்படி:

'போன மாதம் 12ஆம் திகதி முதல் என் வேலை மணித்தியாலங்களை வாரத்துக்கு 35இல் இருந்து 16 ஆகக் குறைத்துவிட்டார்கள். அடுத்த சம்பளம் 28ஆம் திகதி. வங்கியில் 11 பவுண்ட், கரண்ட் மீட்டரில் 2 பவுண்ட் இருக்கிறது. 3 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், சின்னவருக்கு ஆஸ்துமா, வீடு குளிர்ந்தால் அவருக்கு மூச்சு முட்டும். 28ஆம் திகதி வரைக்கும் சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் உதவி வேண்டும்.'

கெஞ்சல் ஒன்றும் இல்லை, ஆனால் அதிகாரிக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது. முதலில் தமிழில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாற்ற யாரையாவது கேளுங்கள். போனில் விண்ணப்பிக்க விட்டால் தொடக்கத்திலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், கவுன்சில்கள் போன் வழியாக ஒழுங்கு செய்வது வழக்கம், அதற்கு நீங்கள் காசு கட்டவேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளையை நடுவில் வைத்து வாடகைப் பாக்கியைப் பற்றிக் கதைக்க வைப்பது பிள்ளைக்கும் நல்லதல்ல, விஷயமும் சரியாகப் போய்ச் சேராது.

கேட்பதைப் பிரித்துக் கேளுங்கள். சாப்பாடு, கரண்ட், பழுதான பிரிட்ஜ் என்று மூன்று தேவை இருந்தால் மூன்றையும் எழுத வேண்டும். அதிகாரி தானாக ஊகித்து, 'இவர்களுக்கு பிரிட்ஜும் தேவைப்படும்' என்று சேர்த்துத் தரமாட்டார்.

யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்றால் முதல் காசு வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும், அதற்கு நடுவில் அட்வான்ஸ் கேட்டீர்களா என்று கவுன்சில் கேட்கலாம். அட்வான்ஸ் என்பது கடன், பின்னால் மாதாமாதம் பிடிப்பார்கள், அதிகபட்சம் 24 மாதம் வரை. எடுக்கவில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை, எடுத்தும் போதவில்லை என்றால் அது எங்கே போனது, இரண்டில் ஒன்றை எழுதிவிடுங்கள்.

பாங்க் ஸ்டேட்மென்ட்

அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், பேஸ்லிப், யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் தெரியும் கடைசிப் பேமென்ட் விவரம், மீட்டரின் படம், பாக்கி பில், இவையெல்லாம் கேட்பார்கள், கொடுத்துவிடலாம். நம் ஆட்களின் விண்ணப்பம் இடறுவது பாங்க் ஸ்டேட்மென்டில்.

ஒன்று, சீட்டு. மாதம் 200 பவுண்ட் யாரோ ஒருவருக்குப் போகிறது, ஒரு மாதம் திடீரென்று 4,000 பவுண்ட் உள்ளே வருகிறது. நமக்கு அது சீட்டுக் காசு, அடுத்த நாளே கடனுக்குப் போய்விட்டது. அதிகாரிக்கு அது விளக்கமில்லாத வருமானம். இரண்டு, ஊருக்கு அனுப்பும் காசு. இங்கே சாப்பாட்டுக்குக் காசில்லை என்கிறவர் போன மாதம் யாழ்ப்பாணத்துக்கு 150 பவுண்ட் அனுப்பியிருக்கிறாரே என்று அதிகாரிக்குத் தோன்றும். அம்மாவின் மருந்துக்கு என்று நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று, மற்றவரின் காசு நம் கணக்கில் வருவது. கணக்குத் திறக்க முடியாத உறவுக்காரரின் சம்பளத்தை நம் கணக்கில் போட விடுவது விண்ணப்பத்தை மட்டுமல்ல, நம்முடைய பெனிபிட்டையே ஆட்டிவிடும் காரியம். அதை முதலில் நிறுத்துங்கள்.

மறைப்பது தீர்வல்ல. ஒரு கணக்கைக் காட்டி மற்றதை ஒளித்தால், அந்தக் கணக்குக்குப் போன காசு இந்த ஸ்டேட்மென்டிலேயே தெரியும். போனில் மட்டும் வைத்திருக்கும் ஆப் வங்கிக் கணக்கும் கணக்குத்தான். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், அது பிறகு வேறு விண்ணப்பங்களையும் பாதிக்கலாம். செய்யவேண்டியது இவ்வளவுதான்: பெரிய தொகைகளுக்கு ஒரு சின்ன விளக்கக் குறிப்பு எழுதி ஸ்டேட்மென்டோடு சேர்த்து அனுப்புங்கள். 'மே 3ஆம் திகதி வந்த 4,000 பவுண்ட் நண்பர்களோடு சேர்ந்து போட்ட சேமிப்புக் குழுவின் காசு, மே 4ஆம் திகதி அதில் 3,800 பவுண்ட் இன்னாருக்குக் கடன் அடைத்தேன்' என்று. அவர்கள் கேட்டு நீங்கள் சொல்வதைவிட, நீங்களாகவே முன்கூட்டிச் சொல்வதற்கு மதிப்பு அதிகம். நேரமும் மிச்சம்.

விசா பார்த்துக் கேளுங்கள்

பிரிட்டிஷ் குடியுரிமை, ஐஎல்ஆர் என்ற நிரந்தர வதிவிட உரிமை, அகதி அந்தஸ்து, பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பிய நாட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் கொடுத்த செட்டில்ட் ஸ்டேட்டஸ் இருப்பவர்களுக்கு விசா வழியில் தடை இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி பக்கமிருந்து வந்து, அதற்கு முந்திய படியான ப்ரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸில் இருப்பவர்களுக்குக் கூடுதல் கேள்விகள் வரும், ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்', அதாவது அரசுப் பண உதவிகளை எடுக்கக்கூடாது, என்று போட்டிருந்தால் நிற்கவும். ஸ்டூடன்ட் விசா, வேர்க் விசா, ஸ்பவுஸ் விசா எல்லாவற்றிலும் பொதுவாக இது இருக்கும். கவுன்சிலின் அவசர உதவிகளில் சில பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலுக்குள் வருகின்றன, தெரியாமல் எடுத்தால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். அதற்காக ஒரு கதவும் இல்லை என்று அர்த்தமில்லை. பிள்ளைகள் இருக்கும் குடும்பம் தெருவுக்கு வரும் நிலையிலோ பட்டினியிலோ இருந்தால் 1989ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்டின் 17ஆவது பிரிவின் கீழ்க் கவுன்சிலின் சில்ட்ரன்ஸ் சர்வீசஸ் பகுதி உதவ முடியும், அது பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வராது. ஃபுட் பேங்கும் வராது. இங்கிலாந்தில் வருமான வரம்புக்குள் இருந்தால் இந்த விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவசச் சாப்பாடு கேட்கலாம், பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள். குடும்ப வழியில் விசா எடுத்து வறுமையில் விழுந்தவர்கள் அந்த நிபந்தனையையே நீக்கச் சொல்லி ஹோம் ஆபீஸுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. ஆனால் குடிவரவு ஆலோசனை சொல்ல இமிகிரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு செய்தவருக்கோ சட்டத்தரணிக்கோதான் அனுமதி. கோயிலில் பார்த்த அண்ணர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவரை விட்டுவிடுங்கள்.

கணவன் மனைவியில் ஒருவர் குடியுரிமையோடும் மற்றவர் இந்த நிபந்தனையோடும் இருந்தால், தகுதி உள்ளவர் தன் பெயரில் கேட்கலாம், ஆனால் மற்றவருக்காகக் கூடுதல் தொகை வாங்கிவிடக்கூடாது. அதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதுங்கள். அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருப்பவர்களுக்கு வழி வேறு, அவர்கள் மைக்ரன்ட் ஹெல்ப் என்ற தொண்டு அமைப்பின் மூலம் போகவேண்டும்.

கவுன்சில் டாக்ஸும் வாடகையும்

அவசரத்துக்குக் கிடைக்கும் வவுச்சர் ஓரிரு வாரம் தாங்கும். மாதாமாதம் கழுத்தை நெரிப்பது இந்த இரண்டும்தான், அவசர உதவிக்குப் போகும்போதே இவற்றையும் கேட்டுவிடுங்கள், இரண்டு அடுக்கு உள்ள இடமென்றால் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம்.

கவுன்சில் டாக்ஸ் குறைப்பு யூனிவர்சல் கிரெடிட்டோடு தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் முழுத் தொகையும் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி, அதற்கு வருமானக் கணக்கே தேவையில்லை. இவற்றுக்குப் பிறகும் கட்ட முடியாவிட்டால், 1992ஆம் ஆண்டின் லோக்கல் கவர்ன்மென்ட் ஃபைனான்ஸ் ஆக்டில் 13A(1)(c) என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதன்படி கவுன்சில் விரும்பினால் உங்கள் பாக்கியைக் குறைக்கலாம், முழுவதையும் நீக்கக்கூட அதிகாரம் உண்டு. இதைப் பல கவுன்சில்கள் விளம்பரப்படுத்துவதில்லை. கடிதத்தில் அந்தப் பிரிவின் எண்ணைப் போட்டே கேளுங்கள்.

நினைவூட்டல் கடிதம் வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். பேசாமல் விட்டால் மீதி வருஷத்துத் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள், பிறகு கோர்ட் செலவு, பிறகு பொருட்களைப் பறிமுதல் செய்ய வரும் பெய்லிஃப். கடன் பலவிடத்தில் இருந்தால் ஸ்டெப்சேஞ்ச் போன்ற இலவசக் கடன் ஆலோசகர்கள் மூலம் பிரீதிங் ஸ்பேஸ் கேட்கலாம், 60 நாளைக்குக் கடன்காரர்கள் உங்களைத் துரத்த முடியாது, கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் அதில் அடங்கும்.

வாடகையில் துண்டு விழுந்தால், யூனிவர்சல் கிரெடிட்டில் வீட்டுத்தொகையோ ஹவுசிங் பெனிபிட்டோ எடுப்பவர்கள் கவுன்சிலிடம் கூடுதல் வாடகை உதவி கேட்கலாம். 56 நாளுக்குள் வீட்டை இழக்கும் ஆபத்து இருந்தால் அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலின் சட்டக் கடமை. வீட்டுக்காரர் போகச் சொன்னார் என்று அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள், நீங்களாகவே வீடிழந்தீர்கள் என்று கவுன்சில் சொல்ல அது இடம் கொடுக்கும்.

மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் ஒரு பேப்பர் குறைவது, அல்லது அந்தப் பாங்க் ஸ்டேட்மென்ட் விஷயம். கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் மறுபரிசீலனை கேட்டு, அவர்கள் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் எழுதி, விடுபட்ட பேப்பரைச் சேர்த்து அனுப்புங்கள். பெனிபிட் வழக்கு மாதிரி ட்ரிப்யூனல் என்ற முறையீட்டு மன்றம் இந்த அவசர உதவிக்கு இல்லை. கவுன்சிலின் புகார் நடைமுறையும் முடிந்த பிறகு கவுன்சில்கள் பற்றிய புகார்களை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், ஆனால் அவர் பார்ப்பது நடைமுறையில் பிழை உண்டா என்றுதான், அதற்கு மாதங்களும் ஆகலாம். அதைவிட விரைவான வழி உங்கள் வார்ட் கவுன்சிலருக்கு ஓர் ஈமெயில். அவர்கள் உள்ளே ஒரு கேள்வி கேட்டாலே கிடப்பில் கிடந்த விண்ணப்பம் சில நேரம் நகரும்.

ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு ஸ்கொட்டிஷ் வெல்ஃபேர் ஃபண்ட், விண்ணப்பம் கவுன்சிலிடமே. வேல்ஸில் டிஸ்கிரீஷனரி அசிஸ்டன்ஸ் ஃபண்ட், அது வேல்ஸ் அரசுடையது. வட அயர்லாந்தில் டிஸ்கிரீஷனரி சப்போர்ட், அதற்கும் கவுன்சிலுக்கும் சம்பந்தமில்லை.

இரண்டு எச்சரிக்கை. படிவம் நிரப்பித் தருகிறேன், கிடைப்பதில் பாதி தா என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகச் செய்கிறார்கள், இங்கிலாந்துக்கான அவர்களின் நம்பர் 0800 144 8848. கவுன்சில் உதவி வந்திருக்கிறது, இந்த லிங்கில் கார்ட் நம்பர் போடுங்கள் என்று எஸ்எம்எஸ் வந்தால் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே அனுமதியில்லாத ஆளிடம் வட்டிக்கு வாங்கி மிரட்டலில் இருந்தால், குற்றம் கொடுத்தவருடையது, வாங்கிய உங்களுடையது அல்ல. ஸ்டொப் லோன் ஷார்க்ஸ் 0300 555 2222, பெயர் சொல்லாமலும் கதைக்கலாம்.

எந்த நாளில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெள்ளிக்கிழமை பின்னேரம் விண்ணப்பித்தால் திங்கள் வரைக்கும் யாரும் திறந்துகூடப் பார்க்காமல் இருக்கலாம், ஆகவே காசு முடியும் என்று தெரிந்தவுடனேயே, புதன் வியாழனிலேயே போடுங்கள். பிந்திவிட்டது என்றால் எரிசக்தி நிறுவனத்துக்கு அடித்து மீட்டருக்குக் கூடுதல் கிரெடிட் கேளுங்கள், குடும்ப டாக்டரான ஜிபியிடமோ பிள்ளையின் பள்ளியிலோ ஃபுட் பேங்க் வவுச்சர் கேளுங்கள், படுக்க இடமே இல்லாத நிலை என்றால் கவுன்சிலின் அலுவலக நேரத்துக்கு வெளியேயான அவசர நம்பருக்கு எடுங்கள், அது அவர்களின் இணையதளத்திலேயே இருக்கும்.